தலைகீழ்ப் பாடம்

தேர்வு முடிவை ஒட்டியிருந்த பலகையின் முன்னால் மூத்தவள் வெகுநேரம் நின்றாள். விதிமுறைத் தாளில் எழுபத்தெட்டு. கணக்கில் அறுபத்தொன்பது. இரண்டிலும் அவள்தான் முதல். ஆங்கிலத்தில் நாற்பதுக்குப் பதின்மூன்று. தேறுவதற்கு இருபது வேண்டும். வரி மாறிப் பார்த்துவிட்டோமோ என்ற நப்பாசையில் சுண்டுவிரலைத் தாளின் மேல் வைத்து நகர்த்திப் பார்த்தாள். மாறவில்லை. இரண்டு வரி கீழே இளையவளின் மதிப்பெண்கள் இருந்தன. ஆங்கிலத்தில் முப்பத்து மூன்று.

"விடுங்கக்கா. அடுத்த தடவை பார்த்துக்கலாம்" என்று பின்னாலிருந்து தோளைத் தொட்டது இளையவள்தான்.

இருவரும் ஒரே வீட்டு மருமகள்கள். அண்ணனைக் கட்டியவள் மூத்தவள், தம்பியைக் கட்டியவள் இளையவள். ஒரே கட்டடத்தில் கீழ்த்தளம் மூத்தவளுக்கு, மேல்தளம் இளையவளுக்கு. வேலையும் ஒரே இடத்தில்தான். பெரிய மருத்துவமனை ஒன்றின் ரெக்கார்டு ரூம். நாற்பத்திரண்டு இரும்பு ரேக்குகள், ஒவ்வொன்றிலும் கூரை முட்ட நோயாளிகளின் ஃபைல்கள். ஜன்னலுக்கு ஒரு சீட்டு வரும், அதில் ஒரு எண் இருக்கும். அந்த எண்ணுக்குரிய ஃபைலைத் தேடியெடுத்துக் கொடுக்க வேண்டும். மற்றவர்கள் பத்து நிமிடம் தேடுவதை மூத்தவள் மூன்று நிமிடத்தில் எடுத்துவிடுவாள். பதினாலு வருடமாக அதுதான் வேலை. ஆறு வருடத்துக்கு முன்பு இளையவளுக்காக விண்ணப்பம் வாங்கி, நிரப்பி, யார் யார் மேஜை முன்னாலோ நின்று அவளை உள்ளே கொண்டுவந்ததும் மூத்தவள்தான்.

பரீட்சை நடந்த அந்த வருடம் சூப்பர்வைசர் பதவி ஒன்று காலியானது. விதி எளிமையானது. மூன்று தாளிலும் தேற வேண்டும். தேறியவர்களில் யாருக்கு சர்வீஸ் அதிகமோ அவருக்குப் பதவி. எழுதியவர்களில் மூத்தவளைவிட சர்வீஸ் உள்ளவர் யாரும் இல்லை. அவள் தேறினாலே போதும், நாற்காலி அவளுக்கு. இடைஞ்சல் ஆங்கிலத் தாள் ஒன்றுதான். ஐந்து பத்திகள், பத்திக்கு எட்டு கேள்வி, மொத்தம் ஒரு மணி நேரம்.

"நான் சொல்லித் தரேன்க்கா. காலேஜ்ல இதெல்லாம் பழகினதுதானே" என்று இளையவள் சொன்னபோது மூத்தவளுக்குக் கண் கலங்கிவிட்டது. இரண்டு மாதம் மதியச் சாப்பாட்டு நேரத்தில் இருவரும் கடைசி ரேக்கின் பின்னால் உட்கார்ந்து படித்தார்கள். இளையவள் மூன்று விஷயங்களைத் திரும்பத் திரும்பச் சொன்னாள்.

"கேள்விப் பக்கம் போகவே போகாதீங்க. முதல்ல பாசேஜை மூணு தடவை முழுசா படிங்க. அப்பதான் மனசுல நிக்கும்."

"தெரியாத வார்த்தை வந்தா விடாதீங்க. அதுக்கு அர்த்தம் பிடிபடற வரைக்கும் அங்கேயே நில்லுங்க."

"நாலு விடையில எதுல பாசேஜ்ல இருக்கற அதே வார்த்தை இருக்கோ, அதை டிக் பண்ணுங்க. கண்ணை மூடிட்டு."

மூத்தவள் இவற்றை ஒரு சின்ன அட்டையில் எழுதிப் பையில் வைத்துக்கொண்டாள். பேருந்தில் எடுத்துப் படித்தாள். பரீட்சை நாளன்று ஒரு வரி பிசகாமல் அப்படியே செய்தாள். இரண்டாவது பத்தியை மூன்றாம் முறையாகப் படித்துக்கொண்டிருந்தபோது, இன்னும் இருபது நிமிடம்தான் இருக்கிறது என்று மேற்பார்வை பார்த்தவர் அறிவித்தார். மிச்சமிருந்த கேள்விகளுக்கு, அதே வார்த்தை எங்கே இருக்கிறது என்று தேடித் தேடி டிக் அடித்தாள்.

மூன்று தாளிலும் தேறியவள் இளையவள் ஒருத்திதான். நாற்காலி அவளுக்குப் போனது.

முதல் வாரம் அவள் பழையபடிதான் இருந்தாள். இரண்டாம் வாரம் வருகைப் பதிவேட்டைத் தன் மேஜைக்கு மாற்றிக்கொண்டாள். மூன்றாம் வாரம், ஆறு நிமிடம் தாமதமாக வந்த மூத்தவளை எல்லோர் முன்னாலும் சிவப்பு மையில் கையெழுத்துப் போடச் சொன்னாள். இருவரும் அன்று ஒரே வீட்டிலிருந்துதான் கிளம்பியிருந்தார்கள். இளையவளை அவள் கணவன் ஸ்கூட்டரில் கொண்டுவந்து விட்டான், மூத்தவளுக்குப் பேருந்து. அவ்வளவுதான் வித்தியாசம்.

பிறகு ஒருநாள், அறுவை சிகிச்சைப் பிரிவிலிருந்து வந்த ஆங்கிலக் கடிதம் ஒன்றை மூத்தவள் கையில் எடுத்தாள். இளையவள் உட்கார்ந்த இடத்திலிருந்தே சொன்னாள்: "அதை டைப்பிஸ்ட் கிட்ட குடுத்துடுங்கக்கா. நீங்க ரேக்கைப் பாருங்க. உங்களுக்கு அது போதும்."

யாரோ ஒருவர் சிரித்தார். யார் என்று மூத்தவள் திரும்பிப் பார்க்கவில்லை. ஆனாலும் அப்போதுகூட அவளுக்கு இளையவள் மேல் வருத்தம்தான் இருந்தது, பகை இல்லை. பதவி வந்தால் மனுஷர்களுக்குக் கொஞ்சம் தலைக்கனம் வரும், போகப் போகச் சரியாகும் என்று நினைத்துக்கொண்டாள்.

எறும்புதான் அந்த நினைப்பைக் கெடுத்தது.

ஒரு விடுமுறை நாளில் சர்க்கரை டப்பாவைச் சுற்றி எறும்பு மொய்த்திருந்தது. மூத்தவள் அலமாரித் தட்டைக் காலி செய்து, கீழே விரித்திருந்த தாள்களை உருவி உதறினாள். பதவி கிடைத்த கையோடு இளையவள் மேல்தளத்தைச் சுத்தம் செய்து, "அலமாரியில விரிக்க வச்சுக்கோங்கக்கா" என்று கொடுத்த பழைய பேப்பர் கட்டு அது. அப்போது ஒரு பக்கத்தைக்கூடத் திருப்பிப் பார்க்காமல் விரித்திருந்தாள். இப்போது உதறும்போது பென்சில் கோடுகள் கண்ணில் பட்டன. ஆங்கிலப் பத்தி, கீழே எட்டு கேள்விகள். பயிற்சித் தாள்.

பிறர் கை பட்ட தாளைப் படிப்பதுதான் பதினாலு வருடமாக அவள் தொழில். எந்த டாக்டர் அவசரத்தில் எழுதினார், எந்த நர்ஸ் அப்புறமாகச் சேர்த்து எழுதினார் என்று கோட்டைப் பார்த்தே சொல்வாள். அவள் தரையில் உட்கார்ந்து தாளை மடியில் விரித்தாள்.

பத்தியில் அடிக்கோடு ஒன்றுகூட இல்லை. கோடெல்லாம் கேள்விகளில்தான் இருந்தது. ஒவ்வொரு கேள்வியிலும் ஒரு சொல்லைச் சுற்றி வட்டம். பத்தியின் ஓரத்தில் சின்னச் சின்ன எண்கள். எந்தக் கேள்விக்கு எந்த வரி என்ற குறிப்பு. விடைகளில் இரண்டிரண்டாக அடித்து ஒதுக்கியிருந்தது. ஒன்றின் பக்கத்தில் இளையவளின் சாய்ந்த எழுத்தில் தமிழில் இருந்தது: "அதே வார்த்தை. பொறி!" இன்னொன்றின் பக்கத்தில்: "தெரியாத வார்த்தை, தாண்டிப் போ." உச்சியில்: "கேள்வி முதல்ல. முழுசா படிக்காதே. பதினோரு நிமிஷம்."

மூத்தவள் அடுத்த தாளை எடுத்தாள். அதிலும் அப்படியே. அதற்கடுத்ததிலும். மொத்தம் இருபத்தாறு தாள்கள்.

பரீட்சைக்கு அப்புறம் கற்றுக்கொண்டிருப்பாளோ என்று ஒரு கணம் அவளுக்காக வாதாடிப் பார்த்தாள். ஒவ்வொரு தாளின் வலது மூலையிலும் தேதி இருந்தது. தேதி போடாத தாள் தாளே இல்லை என்று, வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் இளையவளுக்குச் சொல்லிக்கொடுத்தவள் மூத்தவள்தான். முதல் தாளில் பிப்ரவரி பத்து. இளையவள் அவளுக்குப் பாடம் ஆரம்பித்தது ஏப்ரல் முதல் வாரம்.

ஆக, சரியான வழியைத் தெரிந்து வைத்துக்கொண்டு, அதை ஒவ்வொன்றாகத் தலைகீழாக்கி, இரண்டு மாதம் எதிரில் உட்கார்ந்து சிரித்த முகத்தோடு ஊட்டியிருக்கிறாள்.

மூத்தவள் கத்தவில்லை. தாள்களைத் தேதி வரிசைப்படி அடுக்கினாள். அன்று மாலை பேருந்து ஓட்டிவிட்டு வந்த கணவரிடம் காட்டினாள். அவர் முதல் நாலு தாளைப் பார்த்தார், பெருமூச்சு விட்டார்.

"நடந்தது நடந்துபோச்சு. ரெண்டு வீடும் ஒண்ணா இருக்கு. இதைக் கிளப்பினா தம்பி என் மூஞ்சியில முழிக்க மாட்டான்."

"நான் ஒண்ணும் கிளப்பப் போறதில்ல."

"அப்ப எதுக்கு இப்படிப் பார்க்கறே?"

"எப்படிப் பார்க்கறேன்?"

அவர் துண்டை எடுத்துக்கொண்டு குளிக்கப் போனார்.

அடுத்த மூன்று மாதம் அந்த இருபத்தாறு தாள்கள்தான் அவளுக்கு வாத்தியார். விடிகாலையில் அடுப்பை மூட்டிவிட்டு ஒரு தாள். பேருந்தில் ஒரு தாள். இளையவளின் பென்சில் எப்படிப் போகிறதோ அப்படியே பின்னாலேயே போனாள். முதலில் கேள்வி. கேள்வியில் ஒரு பெயரோ, எண்ணோ, வருடமோ இருந்தால் அதைப் பிடித்துக்கொண்டு பத்தியில் இறங்க வேண்டும். இடம் கிடைத்ததும் மேலே ஒரு வரி, கீழே ஒரு வரி. அதற்கு மேல் படிக்கக் கூடாது.

பாலம் கட்டுவதைப் பற்றி ஒரு பத்தி இருந்தது. மூன்று வருடத்தில் முடியும் என்று பொறியாளர்கள் சொன்னார்கள், வெள்ளம் வந்து இன்னும் இரண்டு வருடம் இழுத்துவிட்டது. பாலம் கட்ட எத்தனை வருடம் ஆனது என்று கேள்வி. மூன்று என்ற சொல் பத்தியில் பளிச்சென்று நின்றது. ஐந்து என்ற சொல் எங்கேயுமே இல்லை. விடை ஐந்து. பழைய மூத்தவளாக இருந்தால் கண்ணை மூடிக்கொண்டு மூன்றை டிக் அடித்திருப்பாள். அப்படி எத்தனை கேள்வியை அன்று கோட்டை விட்டோம் என்று நினைத்தபோது வயிறு எரிந்தது. அந்த எரிச்சல் நல்லதாகத்தான் இருந்தது. தூக்கம் வராமல் பார்த்துக்கொண்டது.

ஒருநாள் ஜன்னலில் ஒரு டாக்டர் வந்து ஒரு நோயாளியின் ரத்த வகையை அவசரமாகக் கேட்டார். மூத்தவள் அறுபது பக்க ஃபைலை எடுத்து, நேராக ரத்தப் பரிசோதனையின் பச்சைத் தாளுக்குப் போய், ஒரு வரியைப் பார்த்துச் சொன்னாள். அவர் நன்றி சொல்லிப் போன பிறகும் அவள் அந்த ஃபைலைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். இதைத்தானே அந்தப் பரீட்சையும் கேட்கிறது? அறுபது பக்கத்தையும் மூன்று தடவை படித்துவிட்டா ரத்த வகையைச் சொன்னாள்? பதினாலு வருடமாகக் கைக்குத் தெரிந்த வேலையை, மூளைக்குத் தெரியாதபடி ஒருத்தி மறைத்துவிட்டாள்.

அன்றைக்குத்தான் வருத்தம் முழுசாகத் தீர்ந்து, பகை மட்டும் தெளிந்து நின்றது.

அந்தச் சமயத்தில் அறிவிப்பு வந்தது. சூப்பர்வைசருக்கும் மேலே இருந்த ரெக்கார்டு ஆபீசர் ஓய்வு பெறுகிறார். ஐந்து வருடம் வேலை பார்த்த எவரும் பரீட்சை எழுதலாம். அதே மூன்று தாள். ஆனால் இந்தப் பதவிக்கு சர்வீஸ் கணக்கில் வராது, மதிப்பெண் மட்டும்தான். யார் அதிகம் வாங்குகிறாரோ அவருக்கு.

இளையவள் அந்த வாரமே ஆபீசர் அறையின் திரைச்சீலை நிறம் சரியில்லை என்று பேச ஆரம்பித்துவிட்டாள்.

மூத்தவள் நிதானமாக யோசித்தாள். இளையவளின் ஆங்கிலம் நல்ல ஆங்கிலம். தான் ஒருத்தி மட்டும் எதிர்த்து நின்றால் ஜெயிக்கலாம், தோற்கலாம். ஒரே ஒரு குதிரையை மட்டும் நம்பிப் பழிதீர்க்க இறங்க அவளுக்கு மனமில்லை. இளையவளைத் தவிர எழுதத் தகுதியுள்ளவர்கள் பதினோரு பேர். ஆங்கிலத் தாள் என்றாலே நடுங்குகிறவர்கள் அத்தனை பேரும். தான் இல்லாவிட்டால் டைப்பிஸ்ட், டைப்பிஸ்ட் இல்லாவிட்டால் வேறு யாரோ. யார் வந்தாலும் சரி, அவள் வரக் கூடாது.

மறுநாள் மதியம் கடைசி ரேக்கின் பின்னால் நாலு பேர் உட்கார்ந்தார்கள். அடுத்த வாரம் ஏழு. அதற்கடுத்த வாரம், தன்னையும் சேர்த்துப் பதினோரு பேர்.

"டாக்டர் ரத்த வகை கேட்டா ஃபைல் முழுக்கவா படிப்போம்?" என்று ஆரம்பித்தாள்.

"அப்படிப் படிச்சா நோயாளி போய்ச் சேர்ந்துடுவாரு" என்றார் டைப்பிஸ்ட். எல்லோரும் சிரித்தார்கள்.

"அவ்வளவுதான் பாசேஜும். கேள்விதான் சீட்டு. பாசேஜ்தான் ஃபைல். சீட்டைப் பார்க்காம ஃபைலைத் தொடாதீங்க."

அவர்களில் ஒருத்திக்கு மியூட் என்று பெயர். அடித்தளக் கிடங்கிலிருந்து பழைய ஃபைல்களை வண்டியில் ஏற்றிக் கொண்டுவருகிறவள். நாற்பது வயது. நாள் முழுக்க நாலு வார்த்தை பேசினால் அதிகம் என்பதால் யாரோ வைத்த பெயர், அவளும் கூப்பிட்டால் திரும்புவாள். வகுப்பிலும் பேச மாட்டாள். ஆனால் மூன்றாம் வாரம் மூத்தவள் கொடுத்த தாளில் எட்டுக்கு எட்டும் சரியாகப் போட்டிருந்தாள்.

"இந்தக் கடைசிக் கேள்வி எப்படிப் போட்டே? பாசேஜ்ல இது இல்லவே இல்லையே?"

மியூட் தலையைக் குனிந்துகொண்டு சொன்னாள். "இல்லைங்கறதுதான் விடைக்கா. 'சொல்லப்படவில்லை'ன்னு நாலாவதா ஒண்ணு இருக்கு. மத்ததெல்லாம் நமக்கு வெளியிலிருந்து தெரிஞ்சது. ஃபைல்ல இல்லாததை நாம எழுதிச் சேர்க்க முடியாதுல்ல."

மூத்தவள் தாளை அவள் கையிலேயே திருப்பிக் கொடுத்தாள். பிறகு அவளை எல்லோருக்கும் விளக்கச் சொன்னாள். அன்றைக்கு மியூட் ஒரு மாதத்துக்கான பேச்சைப் பேசித் தீர்த்தாள்.

மற்ற பத்து பேரும் மூத்தவளைக் கொண்டாடினார்கள். டைப்பிஸ்ட் அவளுக்கு ஒரு பேனா வாங்கிக் கொடுத்தார். "உங்களை மாதிரி மனசு யாருக்கு வரும்? அவங்கவங்க தெரிஞ்சதை மூடி மூடி வச்சுக்கறாங்க" என்றார். மூத்தவளுக்குக் கூச்சமாக இருந்தது. பேனாவை வாங்கிக்கொண்டாள், நன்றி சொன்னாள். நல்ல மனசு என்று அவர்கள் நினைத்துக்கொண்டிருந்தது நல்ல மனசு இல்லை என்பதை அவர்களிடம் சொல்ல வேண்டிய அவசியம் என்ன?

விஷயம் இளையவளுக்குத் தெரிந்ததும், மதிய நேரத்தில் பின் ரேக்குகளின் விளக்கை அணைக்கச் சொல்லி உத்தரவு போட்டாள். மின்சாரச் சிக்கனமாம். வகுப்பு அவசரப் படிக்கட்டுக்கு மாறியது. படிக்கட்டில் உட்காரக் கூடாது என்று அடுத்த உத்தரவு. வகுப்பு சலவைப் பிரிவின் போர்வை மூட்டைகளுக்கு நடுவில் மாறியது. அங்கே அவளுக்கு அதிகாரம் இல்லை.

அன்று மாலை இளையவள் மேல்தளத்திலிருந்து இறங்கி வந்தாள். கையில் ஒரு கிண்ணத்தில் நறுக்கிய பழம். வெகுநாளைக்குப் பிறகு மூத்தவளின் சமையலறை மேடையில் ஏறி உட்கார்ந்தாள்.

"ஏன்க்கா, ஊர்ல இருக்கறவங்களுக்கெல்லாம் எதுக்கு மெனக்கெட்டுச் சொல்லித் தர்றீங்க? நம்ம வீட்டுல ஒருத்திக்குக் கிடைச்சா நமக்குத்தானே பெருமை?"

"யாருக்கு, எனக்கா?"

இளையவள் ஒரு விநாடி தடுமாறினாள். "உங்களுக்குக் கிடைச்சாலும் எனக்குச் சந்தோஷம்தான்."

"நானா என்ன சொல்லித் தர்றேன்? நீ எனக்குச் சொல்லிக் குடுத்ததைத்தான் அவங்களுக்குச் சொல்லித் தர்றேன். மூணு தடவை படிக்கணும், தெரியாத வார்த்தையில நிக்கணும், அதே வார்த்தை இருந்தா டிக் பண்ணணும்."

இளையவளின் முகத்தில் ஒரு நிம்மதி வந்து பரவியதை மூத்தவள் பார்த்தாள். அதுவரை மூத்தவளின் மனதில் எங்கோ ஒரு மூலையில் சின்னதாக இரக்கம் ஒட்டிக்கொண்டிருந்தது. அந்த நிம்மதியைப் பார்த்ததும் அதுவும் போய்விட்டது. தப்பான பாடத்தைப் பத்து பேர் படிக்கிறார்கள் என்று தெரிந்து ஒருத்திக்கு மூச்சு லேசாகிறது என்றால்!

"பழம் நல்லா இருக்கு" என்றாள் மூத்தவள்.

மறுநாளிலிருந்து விளக்கை அணைக்கச் சொல்லும் உத்தரவு நின்றது.

பரீட்சையன்று இளையவள் முன் வரிசையில் உட்கார்ந்திருந்தாள். மூத்தவள் மூன்றாம் வரிசை. தாளைப் பிரித்ததும் அறை முழுவதும் ஒரு சத்தம் கேட்டது. பதினோரு பேரும் ஒரே நேரத்தில் பத்தியைத் தாண்டிக் கேள்விப் பக்கத்துக்குப் புரட்டும் சத்தம். இளையவளின் முதுகு விறைத்ததை மூத்தவள் பார்த்தாள். அவள் மெல்லத் திரும்பினாள். பின்னால் எல்லாப் பென்சில்களும் கேள்விகளில் வட்டம் போட்டுக்கொண்டிருந்தன. இளையவளின் கண்கள் மூத்தவளைத் தேடி வந்து நின்றன. மூத்தவள் தலையைத் தூக்கி அவளைப் பார்த்து, லேசாகச் சிரித்தாள். அந்த ஒரு சிரிப்புக்குத்தான் ஏழு மாதம் உழைத்தாள் என்று சொன்னாலும் தப்பில்லை.

"முன்னால பார்த்து எழுதும்மா" என்றார் மேற்பார்வையாளர் இளையவளிடம்.

மூன்று வாரம் கழித்துப் பலகையில் முடிவு ஒட்டினார்கள். பதினோரு பேரில் ஒன்பது பேர் ஆங்கிலத்தில் தேறியிருந்தார்கள். மூத்தவளுக்கு நாற்பதுக்கு முப்பத்தொன்று. இளையவளுக்கு இருபத்தெட்டு; முன்னைவிட ஐந்து குறைவு. அன்று அவள் கவனம் எங்கே சிதறியது என்பது மூத்தவளுக்குத் தெரியும். மியூட்டுக்கு முப்பத்தெட்டு. மூன்று தாளும் கூட்டினால் மியூட் முதலிடம், மூத்தவள் இரண்டு, டைப்பிஸ்ட் மூன்று, இளையவள் ஐந்து.

அடித்தளத்திலிருந்து வண்டி தள்ளி வந்த மியூட்டை நாலு பேர் சேர்ந்து தூக்காத குறையாகப் பலகைக்கு இழுத்து வந்தார்கள். அவள் தன் வரியைப் பார்த்தாள். "கூட்டல் சரியாக்கா?" என்று மூத்தவளிடம் கேட்டாள். மூத்தவள் இரண்டு தடவை கூட்டிப் பார்த்து, சரி என்றாள். மியூட் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள்.

மூத்தவள் தன் பையிலிருந்து இருபத்தாறு தாள்களை எடுத்துக்கொண்டு இளையவளின் மேஜைக்குப் போனாள். மேஜையில் அவற்றைத் தேதி வரிசையில் வைத்தாள்.

"முதல் தாள்ல என்ன தேதி போட்டிருக்கே, படி."

இளையவள் படிக்கவில்லை. படிக்கத் தேவையும் இருக்கவில்லை. முகம் வெளுத்துப் போயிருந்தது.

"எப்பத்திலேர்ந்து தெரியும்?"

"எறும்பு வந்த நாள்லேர்ந்து. ஏன் செஞ்சே? எனக்கு அது மட்டும் தெரிஞ்சா போதும்."

இளையவள் குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "நீங்க பாஸானாலே போஸ்ட் உங்களுக்கு. நான் நாற்பது வாங்கினாலும் எனக்குக் கிடைக்காது. நீங்க ஃபெயிலானாதான் எனக்குன்னு இருந்துச்சு. வேற வழி என்ன இருந்துச்சுக்கா? வேலை நீங்க வாங்கிக் குடுத்தது, கல்யாணப் பேச்சு நீங்க முடிச்சது. எங்க போனாலும் நான் உங்களுக்குக் கீழதான். ஒரே ஒரு இடத்துலயாவது..."

"கேட்டிருந்தா விட்டுக் குடுத்திருப்பேன்."

"அதான்க்கா. அதையும் நீங்க குடுத்ததா இருந்திருக்கும்."

இளையவள் சொன்னதில் ஒரு நியாயம் இருக்கிறது என்று மூத்தவளுக்குப் புரிந்தது. புரிந்ததால் கோபம் குறையவில்லை. தாள்களை மேஜையிலேயே விட்டுவிட்டு ரேக்குக்குப் போய்விட்டாள். மாலைக்குள் அந்தத் தாள்களை அறையில் இருந்த அத்தனை பேரும் பார்த்துவிட்டார்கள். யாரும் இளையவளிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. டைப்பிஸ்ட் மட்டும் அவள் கேட்ட ஸ்டேப்ளரைக் கையில் கொடுக்காமல் மேஜையில் வைத்துவிட்டுப் போனார்.

இரண்டு மாதம் தாக்குப்பிடித்தாள். பிறகு நகரத்தின் மறுகோடியில் இருந்த கிளை மருத்துவமனைக்கு மாற்றல் கேட்டு எழுதினாள். கிடைத்தது. மேல்தளத்திலிருந்து கட்டிலும் பீரோவும் இறங்கிய அன்று மூத்தவளின் கணவர், "ஒரு வார்த்தை சொல்லிட்டு வாயேன். தம்பி முகத்துக்காகவாவது" என்று கெஞ்சினார். மூத்தவள் வாசலுக்குப் போய், பீரோ இடிபடாமல் போவதற்காகக் கதவை அகலத் திறந்து பிடித்துக்கொண்டாள். பீரோ போனதும் உள்ளே வந்துவிட்டாள்.

சூப்பர்வைசர் நாற்காலி காலியானது. இந்த முறை மூத்தவள் ஆங்கிலத்தில் தேறியிருந்தாள், சர்வீஸும் இருந்தது. வேறு போட்டியே இல்லை.

பொறுப்பை ஒப்படைக்க இளையவள் ஒருநாள் மதியம் வந்தாள். எந்தெந்த ஃபைல் வெளியில் இருக்கிறது, எது கோர்ட்டுக்குப் போயிருக்கிறது, எந்தச் சாவி யாரிடம் என்று ஆங்கிலத்தில் ஒரு பக்கத்துக்கு எழுதிக் கையெழுத்திட்டுக் கொடுக்க வேண்டும். எழுதிக் கொடுத்தாள். வாசலில் தம்பி ஸ்கூட்டரோடு காத்திருந்தான்.

மூத்தவள் தாளை வாங்கினாள். தன் கேள்விகளை முதலில் மனதில் வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகத் தேடினாள்.

"கோர்ட்டுக்குப் போன ஃபைல் மூணு. ரெண்டு நம்பர்தான் இருக்கு. திரும்ப எழுது."

இளையவள் உட்கார்ந்து முழுப் பக்கத்தையும் திரும்ப எழுதினாள். மூத்தவள் வாங்கிப் படித்தாள். இந்த முறை எல்லாம் இருந்தது. ஒரு புள்ளிகூடப் பிசகவில்லை. அவள் தாளை மேஜையில் வைத்து இளையவள் பக்கமாகத் தள்ளினாள்.

"எழுத்து சரியில்ல. திரும்ப எழுது."

இளையவள் நிமிர்ந்து பார்த்தாள். புதுத் தாளை எடுத்து, மூலையில் தேதி போட்டு, முதல் வரியை ஆரம்பித்தாள். எழுதும்போது ஒரு சொட்டு மேஜையில் விழுந்தது. கைக்குட்டையால் துடைத்துவிட்டு மேலே எழுதினாள். அறையில் யாரும் ரேக்கைத் தொடவில்லை. மூத்தவள் அவள் பக்கத்திலேயே நின்றாள். நின்றது நன்றாக இருந்தது. மூன்றாவதையும் திருப்பித் தரலாம் என்று அவள் ஏற்கெனவே முடிவு செய்திருந்தாள்.

ஆபீசர் அறையிலிருந்து மியூட் வெளியே வந்தாள். எப்போதிலிருந்து கதவருகில் நின்றாள் என்று தெரியவில்லை. மேஜையில் கிடந்த இரண்டாவது தாளை எடுத்து, மேலிருந்து கீழாக ஒருமுறை பார்த்தாள்.

"இதுலயே எல்லாம் இருக்குக்கா."

"எழுத்து—"

"எழுத்து நல்லாத்தான் இருக்கு." அவள் குரல் உயரவில்லை. "போதும்க்கா."

தானே பேனாவை எடுத்துத் தாளின் அடியில் கையெழுத்துப் போட்டாள். பிறகு மூத்தவளிடம் நீட்டினாள். எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மூத்தவள் கையெழுத்திட்டாள். இளையவள் எழுந்து, பாதி எழுதிய மூன்றாவது தாளை நாலாக மடித்துப் பையில் வைத்துக்கொண்டு யாரையும் பார்க்காமல் வெளியேறினாள். கீழே ஸ்கூட்டர் கிளம்பும் சத்தம் கேட்டது.

ஜன்னலில் சீட்டுகள் சேர்ந்திருந்தன. மூத்தவள் முதல் சீட்டை எடுத்து எண்ணைப் படித்தாள். அன்று மாலை வேலை முடியும்வரை மியூட்டிடம் அவள் ஒரு வார்த்தை பேசவில்லை.